ஞாயிறு மாலை நாலு மணி

2018-ல், ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு இரண்டு மணி தாண்டியிருக்கும், போன் அடித்தது. எங்கள் சந்தின் கடைசி வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் சந்தா கட்டியவர். எங்கள் சங்கத்தின் விதி, உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் விடிவதற்குள் பதினைந்தாயிரம் ரூபாய் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. சங்கம் தொடங்கியதே அதற்காகத்தான். நான் அப்போது துணைச் செயலாளர்.

பணம் வங்கியில் இருந்தது. முன்பெல்லாம் பொருளாளர் மாமா வீட்டுப் பீரோவில் கொஞ்சம் ரொக்கம் எப்போதும் இருக்கும். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அப்போது பட்ட பாட்டில் பயந்துபோய் எல்லாவற்றையும் கணக்கில் போட்டுவிட்டோம். எடுக்க வேண்டுமானால் காசோலையில் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். மாமா ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டோடு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தலைவர் ஐயா மாத்திரை போட்டுத் தூங்குகிறவர், போனை எடுக்கவில்லை.

பெரியவரின் மகன் டெலிவரி வேலை செய்கிறவன். போட்டிருந்த கம்பெனி பனியனோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு வைக்கிற அந்தச் சதுரப் பை பக்கத்தில் கிடந்தது. "சங்கத்துல குடுப்பாங்கன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாருக்கா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு நான் உறையோடு போனபோது, அவன் ஏற்கெனவே மீட்டர் வட்டிக்கு இருபதாயிரம் வாங்கியிருந்தான். கல்பள்ளி மயானத்துக்கு எடுத்துப்போக வண்டி வந்து நின்றிருந்தது. உறையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெங்களூரில் இப்படிப்பட்ட சிறிய தமிழ்ச் சங்கங்கள் நிறைய. ஏரிக்கரையில் இருக்கிற பெரிய தமிழ்ச் சங்கத்தை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது சந்துகளில் இருக்கிற, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு மேஜை, ஒரு பீரோ, சுவரில் திருவள்ளுவர் படம், வெளியே மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலும் எழுதிய பலகை, அவ்வளவே உள்ள சங்கங்கள். சாவு நிதி, பிள்ளைகளுக்கு மாலை டியூஷன், பொங்கல் விழா, யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் துணைக்கு ஆள். இதைப் போன்ற சங்கம் ஒன்றை நடத்துகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து ஊர்க்காரர்கள் கூடினால் ஒரு சங்கம் வைத்துவிடலாம், அது சுலபம். உறுப்பினர்களின் பிழைப்பு தலைகீழாக மாறிப்போன பிறகு அதே சங்கத்தை நடத்துவதற்கு வேறு பழக்கங்கள் வேண்டியிருக்கின்றன. எனக்கு அது ஏழெட்டு வருடத்தில், நிறையத் தப்பு செய்துதான் புரிந்தது.

எங்கள் சங்கம் எழுபதுகளில் தொடங்கியது. வடார்க்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு பன்னிரண்டு பேர். எல்லாரும் தொழிற்சாலைக்காரர்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல்., என்.ஜி.இ.எஃப். என்று இந்தக் கிழக்குப் பக்கமே அப்போது சங்கு ஊதி விழித்த பக்கம். என் அப்பா ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில், போன் பூட்டுகிற பிரிவு. ஒரே கம்பெனி பஸ்ஸில் போவார்கள், ஒரே கேண்டீனில் சாப்பிடுவார்கள், மாத முதல் வாரத்துக்குள் எல்லார் கையிலும் சம்பளம் இருக்கும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம், அங்கேயே சந்தா. விதிமுறைப் புத்தகத்தில் அந்தப் பத்து மணி எழுத்திலேயே இருந்தது.

1980 டிசம்பரில் ஐந்து பொதுத்துறை ஆலைகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 77 நாள் நடந்தது. எனக்கு எட்டு வயது. அப்பா பகலில் வீட்டில் இருந்தது எனக்கு அதிசயமாக இருந்ததும், அம்மா ராகிக் களியே கிளறிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. அந்த நாட்களில் சங்கம் தன் பெயரில் அரிசிக் கடையில் கடன் சொல்லி, வீட்டுக்கு இத்தனை படி என்று அளந்து கொடுத்தது. யார் வீட்டில் எத்தனை வாய் என்று அப்போதிருந்த தலைவருக்கு மனப்பாடம். அவர் பட்டியல் பார்த்து அளந்ததில்லை. அவரோடு வேலை செய்தவர்கள், அவரோடு பஸ்ஸில் வந்தவர்கள், தெரியாமல் எப்படி இருக்கும்?

அவரைப் போல நமக்கு ஒரு தலைவர் இல்லையே என்று பெரியவர்கள் இன்றைக்கும் ஏங்குகிறார்கள். நானும் ஏங்கியவள்தான். ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. அந்த மனிதர் நல்லவர், குரல் உள்ளவர், எல்லாம் சரி. அவருக்குக் கிடைத்த பாதி உதவியை அந்தத் தொழிற்சாலை கொடுத்தது. ஆட்களை ஒன்று சேர்க்கிற வேலையைச் சங்கும் பஸ்ஸும் செய்துவிட்டன. எங்கள் காலத்தில் அந்த இரண்டும் இல்லை. என்.ஜி.இ.எஃப். மூடியே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு எங்கள் சந்தில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் மாதக் கணக்கில் பார்ப்பதில்லை. ஒருவர் வருகிற நேரத்தில் மற்றவர் போகிறார்.

2019 ஜனவரியில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் முன்வரவில்லை என்பதே காரணம். நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள், நோட்டும் கட்டம் போடுவதும் கைவந்த வேலை. இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சங்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றே கேள்வி. எத்தனை மணிக்கு வேலைக்குப் போறீங்க, எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, காசு என்னைக்குக் கையில வரும்.

நான்கு வாரம் ஆனது, 140 வீடு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சங்கு ஊதுகிற ஷிஃப்ட்டில் வேலை செய்கிறவர்கள் மூன்றே மூன்று பேர். கார்மெண்ட்ஸ் பெண்களுக்குக் காலை எட்டரைக்கு வண்டி, ஆறு நாள் வேலை. அடுக்குமாடிகளில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறவர்களுக்கு ஞாயிறும் வேலை, வாரத்தில் ஒரு நாள் மாறி மாறி விடுப்பு. கால் சென்டர் பிள்ளைகள் விடிந்து வந்து மதியம் வரை தூங்குகிறார்கள். பெயிண்டிங், டைல்ஸ் வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை கூலி. டெலிவரிப் பையன்களுக்கு வாரம் ஒரு தடவை கணக்கில் ஏறுகிறது, ஞாயிறு மதியமும் ராத்திரியும்தான் அவர்களுக்கு நல்ல வருமானம். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம்னா எப்படிக்கா வர்றது? அதுதான் எங்களுக்குத் தீபாவளி" என்றான் ஒருவன்.

இன்னொன்றும் தெரிந்தது. ஞாயிறு காலை பத்து மணி, எங்கள் சந்தின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆராதனை நேரம். நாற்பது வருடமாக அவர்கள் கூட்டத்துக்கு வராததை 'அவர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாத குறையாகப் பேசி வந்திருக்கிறோம். அவர்களும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதை எழுதிக்கொண்ட அன்று எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தால் ஒரு நேரம் மட்டும் காலியாக இருந்தது, ஞாயிறு மாலை நாலு மணி. மதியச் சாப்பாட்டு ஆர்டர் ஓய்ந்து, ராத்திரி ஆர்டர் தொடங்குவதற்கு முன்னால். கார்மெண்ட்ஸ் பெண்களுக்குத் துணி துவைத்து, சமைத்து முடிந்த நேரம். ஆராதனையும் முடிந்திருக்கும். ராத்திரி வேலைப் பிள்ளைகளும் எழுந்திருப்பார்கள். பெரியவர்களுக்கு மட்டும் மத்தியானத் தூக்கம் கெடும். அதற்குப் போய்க் கேட்டேன், நான்கு பேர் முணுமுணுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள். பொதுக்குழுவில் வைத்து விதிமுறையையே திருத்தினோம். முதல் நாலு மணிக் கூட்டத்துக்கு அறுபத்து மூன்று பேர். அதற்கு முந்தைய கூட்டத்தில் பதினொரு பேர்.

நீங்கள் ஒரு சங்கத்தின் பொறுப்பில் இருந்தால் முதலில் இந்த ஒரு நோட்டைப் போடுங்கள். யார் எப்போது விழித்திருக்கிறார்கள், யாருக்கு எப்போது கையில் காசு இருக்கும். சந்தாவையும் நாங்கள் இதை வைத்தே மாற்றினோம். மாதம் நூறு கட்டச் சொன்னால் கட்டாதவர்கள், வாரம் இருபத்தைந்து என்றதும் கட்டினார்கள். கணக்கு எழுதுவது நான்கு மடங்கு ஆனது. ஆனால் பாக்கி விழுவது நின்றது.

இத்தனை நன்றாக ஆரம்பித்தவள் அடுத்த மாதமே ஒரு பெரிய தப்பு செய்தேன். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, இனி எல்லாம் அதில் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். டியூஷன் நடக்கிற அறையின் வாடகையை வீட்டுக்காரர் ஏற்றிவிட்டார். வேறு இடம் பார்ப்பதா, ஏற்றிய வாடகையைக் கொடுப்பதா என்று குழுவில் கேட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆறு பேர் கட்டைவிரல் போட்டார்கள். காலையில் வீட்டுக்காரரிடம் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் தலைவர் ஐயா என் வீட்டுக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது, படியேற மூச்சு வாங்கும். கையில் பழைய தீர்மானப் புத்தகம், காலிகோ அட்டை போட்டது. மேஜையில் வைத்து, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வேலைநிறுத்த சமயத்தில் அரிசிக் கடன் வாங்கியதற்கான தீர்மானம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து, ஏழு கைநாட்டு.

"பட்டினி கெடந்தப்பவே கூடி உக்காந்து கையெழுத்துப் போட்டுத்தாம்மா கடன் வாங்கினோம். இப்ப என்ன அவசரம் வந்துச்சு? எங்கிட்ட அந்த போனே இல்லையே, நான் இந்தச் சங்கத்துல இருக்கேனா இல்லையா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரமே கூட்டம் போட்டு, வாடகை விஷயத்தை மறுபடி வைத்துப் பேசினோம். அதே முடிவுதான் வந்தது. ஆனாலும் அது வேறு முடிவு, ஏனென்றால் இந்தத் தடவை கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வழக்கம், வாட்ஸ்அப்பில் சேதி சொல்லலாம், யோசனை கேட்கலாம், எதையும் முடிவு செய்யக் கூடாது. முடிவு என்றால் அது கூட்டத்தில், தீர்மானப் புத்தகத்தில்.

சேதியையும் எழுதி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்கள் பாதிக்கு மேல். நான் நீளமாகத் தமிழில் அடித்து அனுப்பியதை அவர்கள் படிக்கவே இல்லை என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. இப்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாத குரல் பதிவு. வண்டி ஓட்டுகிறவன் சிக்னலில் நிற்கும்போது கேட்டுவிடுவான். பெரியவர்கள் வீட்டுக்கு டியூஷன் பிள்ளை ஒன்று போய் வாயால் சொல்லிவிட்டு வரும். (சனிக்கிழமை தமிழ் வகுப்பும் நடத்துகிறோம், எழுத்து தெரியாமலே ஒரு தலைமுறை போய்விடக் கூடாது. அது தனிக் கதை.)

அடுத்து, சாவு நிதி. அதைச் சரிசெய்யாமல் எனக்கு நிம்மதியே இல்லை. செயற்குழுவில் பேசி, இரண்டு வீடுகளில் பத்தாயிரம் பத்தாயிரமாக ரொக்கம் வைத்தோம். இரண்டுமே ராத்திரியில் ஆள் விழித்திருக்கிற வீடுகள், நோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. ஒன்றில் மகள் கால் சென்டர், வீட்டிலிருந்தே ராத்திரி வேலை. இன்னொன்றில் காவல் வேலைக்குப் போகிற அண்ணன், மனைவிக்கு லேசான தூக்கம். எடுத்துக் கொடுத்ததும் ரசீது, மறுநாளே வங்கியிலிருந்து எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். வங்கியில் கையெழுத்துப் போடுகிறவர்களும் மாறினார்கள். மூவரின் பெயரைக் கொடுத்து, அதில் எந்த இருவர் போட்டாலும் செல்லும்படி செய்தோம். மூவரும் இந்தச் சந்திலேயே குடியிருக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதினோம். பொருளாளர் மாமா மனம் வருந்தாமல் விலகினார் என்று சொல்ல மாட்டேன். வருந்தினார். ஒரு வருடம் பேசவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் ஓர் அக்கா, கார்மெண்ட்ஸில் டெய்லர், பதினெட்டு வருடமாகச் சீட்டு நடத்துகிறவர். ஒரு ரூபாய் குறைந்தது என்று ஒரு பேச்சு கிடையாது. அவர் பெயரை நான் சொன்னதும் ஒரு பெரியவர், "அந்தம்மாவுக்குக் கணக்கு வழக்கு தெரியுமா?" என்றார். தெரியுமா என்பதற்குப் பதில் என்னிடம் இருந்தது. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்ற புதிய விதியை எதிர்த்து, பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு ஓசூர் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள் அல்லவா? 18-ஆம் தேதி தொடங்கியது, மறுநாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தைக் கூப்பிட்ட பெரிய தலைவர் என்று யாரும் இல்லை. இந்த அக்கா அதில் இருந்தவர். எப்படி அத்தனை பேர் சேர்ந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். தையல் லைனில் ஒருத்தி அடுத்தவளுக்குச் சொன்னாள், வண்டியில் அடுத்த கம்பெனிக்காரிக்குச் சொன்னாள், எந்த கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான் என்றார். யாருக்கு எவ்வளவு வைப்பு நிதி சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியுமாம், சீட்டுப் பிடிக்கும்போது அதைத்தான் பேசிக்கொள்வார்களாம்.

ஐந்து பேர் கூடினால் ஒருவர் எழுந்து பேசுவார், அவரைத் தலைவராக்குவோம். இது நம் பழக்கம். பேசாமல் கணக்கு வைத்திருக்கிற, எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்த பெண்கள் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் சீட்டு நடத்துகிறவர்களாக. அவர்களைத் தேடிப் பிடியுங்கள். அக்கா முதல் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தது கண்ணிலேயே நிற்கிறது. எழுந்து நிற்கவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே, நோட்டை மடியில் வைத்து, ஊதுவத்தி பன்னிரண்டு ரூபாய் என்பது வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருவர், "மொத்தம் மட்டும் சொல்லும்மா, போதும்" என்றார். "உங்க காசுண்ணா, கேட்டுத்தான் ஆகணும்" என்று விட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது எங்களிடம் இந்த ஏற்பாடுகள் எல்லாம் இருந்தன. யார் தினக்கூலி, யாருக்கு வாரக் காசு, எந்த வீட்டில் எத்தனை பேர், எல்லாம் அந்த நோட்டில். முதல் மூன்று நாளில் யாருக்கு அரிசி வேண்டும் என்று யாரையும் கேட்டு வரிசையில் நிற்க வைக்காமல் கொடுக்க முடிந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நடந்ததை விரிவாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் சங்கத்தில் ஆறு வாரத்தில் ஒன்பது சாவு. மயானங்களில் வண்டிகள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஒன்பது வீட்டுக்கும் விடிவதற்குள் பணம் போனது. தலைவர் ஐயாவும் அந்த ஒன்பதில் ஒருவர்.

அந்த நாட்களில்தான் இன்னொரு பாடம். எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆக்சிஜன் தேடுவது, பௌரிங் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது, கணக்கு, மருந்து. ஜூனில் படுத்துவிட்டேன், ஒரு மாதம். நான் படுத்ததும் சங்கமும் படுத்தது. எந்தச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை. கர்நாடகத்தில் 1960-ஆம் வருடச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால் ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் தாக்கல் செய்தாக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், நாங்களும் மறந்து, பிறகு அபராதத்தோடு கட்டினோம்.

எழுந்து வந்ததும் செயலாளர் வேலையைத் துண்டு துண்டாக நறுக்கினேன். இன்றைய வேலை முறையில் யாரையும் போய், "ஒரு வருஷம் பொறுப்பு எடுத்துக்கப்பா" என்று கேட்டால் ஓடிவிடுவார்கள். அடுத்த மாதம் எந்த ஷிஃப்ட் என்று தெரியாதவர்கள் எப்படி ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுப்பார்கள்? "வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம், ஆஸ்பத்திரியில ஒருத்தரோட உக்காரணும்" என்று கேட்டால் ஆள் வருகிறது. டியூஷன் அறையைத் திறக்க ஒருவர், மூட ஒருவர். விண்ணப்பம் நிரப்ப மூன்று பேர். கன்னடத்தில் மனு எழுத இரண்டு பேர், அதைத் திருத்திக் கொடுக்க பக்கத்துத் தெரு கன்னட டீச்சரம்மா. ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கக் குறிப்பு, சாவி எங்கே, யாரைக் கேட்க வேண்டும் என்று. புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

மனு எழுதுகிறவர்கள் இப்போது ரொம்ப முக்கியம். 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியின் கவுன்சில் காலம் முடிந்த பிறகு பல வருடம் வார்டுக்கு கார்ப்பரேட்டர் இல்லாமலே போனது. முன்பு சாக்கடை அடைத்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். 2025-ல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்த பிறகு எந்த அலுவலகம் என்பதிலேயே குழப்பம். இப்போது எழுத்தில் கொடுத்து, முத்திரை குத்தி நகல் வாங்கி, பதினைந்து நாளுக்கொரு முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சலிக்காமல் அதைச் செய்கிற ஒருவர் சங்கத்தில் இருந்தால் போதும்.

டெலிவரிப் பையன்களுக்காக நாங்கள் செய்ததில் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற இ-ஷ்ரம் பதிவுக்கு இரண்டு ஞாயிறு முகாம் போட்டோம். ஆதாரில் இணைத்த போன் எண்ணை முக்கால்வாசிப் பேர் மாற்றியிருந்தார்கள், முதல் முகாம் அதிலேயே வீணானது. அப்புறம், இ-ஷ்ரம் அட்டையிலும் 12 இலக்கத்தில் யூ.ஏ.என். என்று ஓர் எண் இருக்கிறது, வைப்பு நிதிக்கும் அதே பெயரில் 12 இலக்க எண். இரண்டும் வேறு வேறு. முன்பு கார்மெண்ட்ஸில் இருந்த பையன் ஒருவன் அட்டை எண்ணை வைத்து வைப்பு நிதிப் பணத்துக்கு மூன்று மாதம் அலைந்தான். முகாம் நடத்துகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலிக்காதது இது. ஒரு பையனின் ஐ.டி.யை அவன் வேலை செய்த நிறுவனம் ஒரு நாள் முடக்கிவிட்டது. காரணம் சொல்லவில்லை. சங்கத்தின் தாளில் கடிதம் எழுதினோம், செயலியில் புகார் போட்டோம். ஒவ்வொரு முறையும் அதே தயார்ப் பதில் வந்தது. போய்க் கதவைத் தட்ட அங்கே மனிதர் இல்லை. அப்பா காலத்தில் மேலாளர் எதிரில் நின்று பேச முடிந்தது என்பதை அன்றுதான் பெரிய விஷயமாக உணர்ந்தேன். கர்நாடகத்தில் 2025-ல் கிக் தொழிலாளர்களுக்கென்று, அதாவது இப்படிச் செயலி வழியாக வேலை செய்கிறவர்களுக்கென்று, சட்டம் வந்திருக்கிறது. நலவாரியம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையின் மேல் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம், வேலையை விட்டு நீக்குமுன் காரணத்தோடு 14 நாள் அறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. அந்தப் பையனுக்கு அது காலம் கடந்து வந்தது. அவன் இப்போது பெயிண்ட் வேலைக்குப் போகிறான். அவனுக்கு எங்களால் ஆனது, வண்டிக் கடன் தவணை இரண்டைச் சங்கக் கடனாகக் கொடுத்தது மட்டும். அதை எல்லார் முன்னாலும், எங்களால் முடியவில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் மழுப்பியிருந்தால் அடுத்த முகாமுக்கு ஒருவனும் வந்திருக்க மாட்டான்.

2024-ல் நான் விலகினேன். செயலாளர் பதவி தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஒருவருக்குக் கிடையாது என்று நாங்களே எழுதிய விதி. இப்போது செயலாளராக இருப்பவள், ரொக்கம் வைத்த அந்தக் கால் சென்டர் பெண், இருபத்தெட்டு வயது. அவளது முதல் பொதுக்குழுவில் வரவேற்புரையில் ஒரு பெரியவர் பெயரை விட்டுவிட்டாள். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து திருத்தினேன். உடனே சபை முழுவதும் என் பக்கம் திரும்பியது. அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் அவளைத் தாண்டி என்னையே பார்த்தார்கள். ராத்திரி போன் செய்தாள். "அக்கா, நீங்க எனக்கு முன்னாடியே சொல்லுங்க, இல்ல முடிஞ்சப்புறம் சொல்லுங்க. நடுவுல மட்டும் வேணாம்." அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. ஐந்து வருடம் நான் கட்டியதை ஒரு நிமிடத்தில் நானே கெடுத்தேனே என்று அன்று தூக்கம் வரவில்லை. இப்போது கூட்டத்தில் நான் டீ கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கை நிறைய வேலை இருந்தால் எழுந்து பேசத் தோன்றாது.

அவள் இப்போது ஒரு பெரிய விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். எங்கள் சந்தில் வாடகை வீடுகளில் ஒடிசா, பீகார், வட கர்நாடகத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். டெலிவரி, காவல், ஹோட்டல். போன நவம்பரில் அவர்களில் ஒரு பையன் வண்டி மோதி இறந்தான். உடலை ஊருக்கு அனுப்ப அவன் கூட்டாளிகள் ராத்திரியெல்லாம் போனில் காசு திரட்டினார்கள். எங்கள் சாவு நிதி, விதிப்படி, தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும். நாங்கள் தனியாக வசூல் செய்து எட்டாயிரம் கொடுத்தோம். அவர்களையும் சாவு நிதியில் சேர்க்க வேண்டும் என்று அவள் தீர்மானம் கொண்டுவருகிறாள். தமிழ்ச் சங்கம் என்ற பெயர் என்னாவது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. சந்தா பாதியில் விட்டுப் போனால் கணக்கு என்ன என்று பொருளாளர் அக்கா கேட்கிறார்.

அவள் என்னிடம் யோசனை கேட்டு வந்தாள். நான் பழைய இருநூறு பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்தில் இன்னும் அறுபது எழுபது தாள் காலியாக இருக்கிறது. இந்த வாரம் அந்த வாடகை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், துணைக்கு ஹிந்தி தெரிந்த பையன் ஒருவனோடு. பொதுக்குழு வரும் மாதம் கடைசி ஞாயிறு, நாலு மணிக்கு.